வலைச் சேவைப் பாடம்: சாக்கெட்டில் தொடங்குவதா, ஃபிரேம்வொர்க்கில் தொடங்குவதா?

லிந்தாங்_சாலை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து எழுதுகிறேன். கணினி அறிவியலில் இரண்டாம் ஆண்டை முடித்துவிட்டு விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருக்கிறேன். அடுத்த செமஸ்டரில் நெட்வொர்க் செயலிகளையும் வலைச் சேவைகளையும் உருவாக்கும் பாடம் இருக்கிறது. முதல் பாதி முழுக்க டிசிபி, யுடிபி என்ற தரவு அனுப்பும் விதிமுறைகள், நிரல் நெட்வொர்க்கோடு பேசும் வாசலான சாக்கெட், ஒரே நிரலில் பல வேலைகளைச் சேர்ந்தாற்போல் ஓட்டும் திரெட். உலாவியும் சர்வரும் பேசிக்கொள்ளும் எச்டிடிபி, வலைச் சேவைகளை அமைக்கும் முறைகளான ரெஸ்ட், கொஞ்சம் சோப் எல்லாம் இரண்டாம் பாதியில்தான் வருகின்றன. முதல் பாதியைத் தேர்வுக்கு மட்டும் படித்தால் போதும், விடுமுறையிலேயே ஒரு ஃபிரேம்வொர்க்கை (பொதுவான வேலைகளை முன்கூட்டியே எழுதி வைத்திருக்கும் நிரல் சட்டகம்) கற்றுக்கொள் என்று மூத்த மாணவர்கள் சொல்கிறார்கள்.

செய்முறைத் திட்டத்துக்கு ஒரு யோசனை வைத்திருக்கிறேன். அப்பா செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்தில் மண்டோர், அதாவது தொழிலாளர்களை மேற்பார்ப்பவர். யார் எத்தனை குலை வெட்டினார்கள் என்று நோட்டில் எழுதி வருவார். மாலையில் தோட்ட ஆபீசில் கிராணி (எழுத்தர்) அதைக் கணினியில் ஏற்றுவார். நோட்டுக்குப் பதிலாகக் கைப்பேசியிலேயே பதிந்து நேராக ஆபீசுக்கு அனுப்ப முடியுமா என்று பார்க்க ஆசை. மர நிரைகளுக்கு உள்ளே பல இடங்களில் சிக்னலே கிடையாது. மேட்டுப் பக்கம் வந்தால் கிடைக்கும். வீட்டிலும் கைப்பேசி ஹாட்ஸ்பாட்தான். அண்ணன்மார், அக்காமார் வழி சொல்லுங்கள்.

பினாங்கு_நிரலர் எழுதியது:

மூத்தவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது, தங்கச்சி. நான் வேலை பார்க்கும் இடத்தில் யாரும் வெறும் சாக்கெட்டைத் திறந்து எழுதுவதில்லை. ஜாங்கோ, ஸ்பிரிங், லாராவெல் என்ற ஃபிரேம்வொர்க்குகளில் ஒன்றை எடுத்து, தரவுத்தளம் வைத்து, உள்நுழைவு வைத்து, ஒரு சேவையை முழுதாகக் கட்டி ஒரு சர்வரில் ஏற்றிக் காட்டுங்கள். நேர்முகத் தேர்வில் அதுதான் பேசும். அதைவிட முக்கியம், முழுதாக ஒன்று ஓடிப் பார்த்தால் வருகிற தைரியம். அடியிலிருந்து தொடங்கிய பலர் திரெட்டிலேயே சிக்கி, இந்தத் துறையே வேண்டாம் என்று போய்விட்டதைப் பார்த்திருக்கிறேன்.

கம்பியும்_காற்றும் எழுதியது:

இந்தப் பாடத்துக்கு ஆய்வுக்கூட வகுப்பு எடுக்கிறவன் நான். பினாங்கு நண்பர் தைரியத்தைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் முதல் பாதியைத் தேர்வுக்கு மட்டும் படிக்காதீர்கள் என்று உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். அதிலும் உங்கள் திட்டத்துக்கு அந்தப் பாதிதான் உயிர்.

டிசிபி தருவது பைட்டுகளின் ஓட்டம் மட்டுமே. ஒரு செய்தி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது அதற்குத் தெரியாது. இந்தப் பக்கம் இரண்டு முறை எழுதியது அந்தப் பக்கம் ஒரே வாசிப்பில் வந்து சேரலாம். ஒரே முறை எழுதியது மூன்று துண்டாகவும் வரலாம். மாணவர்கள் 1024 பைட் வாசி என்று ஒரு வரி எழுதுகிறார்கள். சேவை தரும் சர்வரும் அதைக் கேட்கும் கிளையண்ட்டும் ஒரே மடிக்கணினியில் ஓடும்வரை அது பிசகாமல் வேலை செய்கிறது. கைப்பேசியை எடுத்துக்கொண்டு சிக்னல் குறைந்த இடத்துக்குப் போனதும் பாதிச் செய்தி வருகிறது, நிரல் விழுகிறது. 'நெட்வொர்க் சரியில்லை' என்று அறிக்கையில் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். நெட்வொர்க் தன் இயல்புப்படிதான் நடந்துகொண்டிருக்கிறது.

தீர்வு எளிது. ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் அதன் நீளத்தை அனுப்பலாம், அல்லது முடிவுக்கு ஓர் அடையாளம் வைக்கலாம். எச்டிடிபி இரண்டையும் செய்கிறது. தலைப்பு வரிகள் ஒரு வெற்று வரியோடு முடிகின்றன. உடல் எவ்வளவு நீளம் என்பதைக் கன்டென்ட்-லெங்த் சொல்கிறது. நீளம் முன்கூட்டித் தெரியாதபோது துண்டு துண்டாக, ஒவ்வொரு துண்டுக்கும் அதன் அளவோடு போகிறது. இதைப் புத்தகத்தில் வாசிப்பதற்கும், கையால் ஒரு சின்ன எச்டிடிபி சர்வர் எழுதி, உலாவி அனுப்பும் கோரிக்கையை எழுத்து எழுத்தாகத் திரையில் பார்ப்பதற்கும் எவ்வளவோ வேறுபாடு. அதற்குப் பைதான் மொழியில் நூறு வரி போதும்.

சாக்கெட் அழைப்புகள் 1983இல் 4.2 பிஎஸ்டி யூனிக்ஸ் இயங்குதளத்தோடு வெளிவந்தவை. டிசிபியின் விதிமுறை 1981இல் எழுதப்பட்டது, 2022இல் திருத்தி ஒழுங்குபடுத்தப்பட்டது. நீங்கள் எந்த ஃபிரேம்வொர்க்கை எடுத்தாலும் அடியில் அதே அழைப்புகள்தான். ஃபிரேம்வொர்க்குகள் மாறிக்கொண்டே இருக்கும். அடியில் இருப்பதைக் கற்றவர்கள் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

லிந்தாங்_சாலை எழுதியது:

நன்றி அண்ணா. நீங்கள் சொன்னபடி சின்ன எச்டிடிபி சர்வர் எழுதினேன். மடிக்கணினியின் உலாவியில் பக்கம் வருகிறது. அதே ஹாட்ஸ்பாட்டில் இருக்கும் தம்பியின் கைப்பேசியில் திறந்தால் இணைப்பு மறுக்கப்படுகிறது. ஈப்போவில் இருக்கும் தோழியிடம் முகவரியைக் கொடுத்தேன். அவளுக்கு மறுப்புகூட வரவில்லை, சுற்றிக்கொண்டே இருந்துவிட்டு நின்றுவிடுகிறது. இன்னொன்று, சர்வரை நிறுத்திவிட்டு உடனே மறுபடி ஓடவிட்டால் முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது என்கிறது.

கம்பியும்_காற்றும் எழுதியது:

மூன்றும் வெவ்வேறு சங்கதி. மூன்றையும் ஒரே நாளில் பார்த்தது நல்லதாகப் போயிற்று.

தம்பியின் கைப்பேசிக்கு மறுப்பு வருவதால், உங்கள் சர்வர் 127.0.0.1 என்ற முகவரியில் மட்டும் காது கொடுக்கிறது என்று நினைக்கிறேன். அந்த முகவரி கணினிக்கு உள்ளேயே சுற்றும், வெளியிலிருந்து யாரும் எட்ட முடியாது. 0.0.0.0 என்று கொடுங்கள், எல்லா இடைமுகங்களிலும் கேட்கும். அதன் பிறகும் வரவில்லை என்றால் வெளி இணைப்புகளைத் தடுக்கும் மடிக்கணினியின் ஃபயர்வாலைப் பாருங்கள்.

தோழிக்கு எட்டாததற்கு உங்கள் நிரல் காரணமில்லை. கைப்பேசி நிறுவனங்கள் பொதுவாக ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனிப் பொது முகவரி தருவதில்லை. இணைய முகவரி முறையான ஐபியின் நான்காம் பதிப்பில் மொத்தமே ஏறக்குறைய 430 கோடி முகவரிகள். ஆசிய பசிபிக் வட்டாரத்தின் கையிருப்பு 2011 ஏப்ரலிலேயே கடைசித் தொகுதிக்கு வந்துவிட்டது. அதனால் ஏராளமான வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்கிறார்கள். அதற்கென்றே 100.64 என்று தொடங்கும் ஒரு தொகுதியை 2012இல் ஒதுக்கினார்கள். நீங்கள் வெளியே போகலாம், வெளியிலிருந்து ஒருவர் உங்களைத் தேடி உள்ளே வர வழியில்லை. எனவே திட்டத்தின் சர்வர் வீட்டு ஹாட்ஸ்பாட்டில் இருக்க முடியாது. வாடகைக்குக் கிடைக்கும் சின்ன சர்வரோ, பல்கலைக்கழகத்து சர்வரோ தேவைப்படும். கைப்பேசிதான் எப்போதும் முதலில் அழைக்க வேண்டும். சர்வர் கைப்பேசியைக் கூப்பிடும்படி எதையும் வடிவமைக்காதீர்கள்.

மூன்றாவது, மூடிய இணைப்பைச் சிறிது நேரம் நினைவில் வைத்திருப்பது டிசிபியின் வழக்கம். பழைய இணைப்பின் பாக்கெட் (துண்டாகப் போகும் தரவு) ஒன்று தாமதமாக வந்து புது இணைப்பில் கலந்துவிடாமல் இருக்க அப்படிச் செய்கிறது. சாக்கெட்டைத் திறந்ததும் எஸ்ஓ-ரீயூஸ்அட்ரஸ் என்ற அமைப்பை வையுங்கள், போய்விடும். நெட்வொர்க்கில் போவதைக் காட்டும் வயர்ஷார்க்கை ஓடவிட்டு, இணைப்பைத் தொடங்கும் மூன்று படிக் கைகுலுக்கலையும் இணைப்பு மூடப்படுவதையும் ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள்.

பழைய_கிராணி எழுதியது:

மகளே, கணினி எனக்கு அவ்வளவாகத் தெரியாது. ஆனால் இந்தக் கணக்கு தெரியும். பால்மர (ரப்பர்) காலத்திலிருந்து செம்பனைக் காலம்வரை தோட்ட ஆபீசில் உட்கார்ந்தவன் என்ற முறையில் சில விஷயங்களைச் சொல்ல வேண்டும்.

குலைக் கணக்கு ஒரே எண் அல்ல. பழுத்த குலை எத்தனை, பழுக்காத குலை எத்தனை, உதிரிப் பழம் எவ்வளவு, எந்த பிளாக், எந்த நிரை என்று பிரிந்து நிற்கும். பழுக்காததை வெட்டினால் பிடித்தம் வைக்கிற தோட்டங்கள் உண்டு. ஆகவே அந்த ஒரு கட்டம் தவறினாலும் சம்பளம் மாறும். மண்டோர் எழுதிய பிறகு குலைகளை மறுபடி எண்ணிப் பார்த்துத் திருத்துவதும் நடக்கும். நோட்டில் திருத்தினால் பழைய எண் அடிபட்டுக் கிடப்பது தெரியும். உங்கள் கணினியில் பழைய எண் மறைந்துவிட்டால் மாத முடிவில் சண்டைதான். யார், எப்போது, எதை எதுவாக மாற்றினார் என்பது நிற்க வேண்டும்.

வெட்டிய பழத்தை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குச் சேர்க்கப் பார்ப்பார்கள், தாமதித்தால் எண்ணெயில் அமிலம் ஏறும். அதனால் லாரி காத்திருக்காது. எண் வந்து சேரட்டும் என்று யாரும் குலையைப் பாதையோரத்தில் வைத்திருக்கப் போவதில்லை. கணக்கு பின்னால் வரும், பழம் முன்னால் போய்விடும். இதையெல்லாம் விடப் பெரியது, ஒரே கணக்கு இரண்டு தடவை ஏறுவதும் ஏறாமலே போவதும். இரண்டு தடவை ஏறினால் ஆபீஸ் அந்த மண்டோரைச் சந்தேகிக்கும். ஏறாமல் போனால் அறுப்புக்காரர் வீட்டில் அரிசி குறையும்.

கம்பியும்_காற்றும் எழுதியது:

ஐயா, கைகூப்பி நன்றி சொல்கிறேன். ஒரு செமஸ்டரின் மையக் கேள்வியை நீங்கள் இரண்டு வரியில் வைத்துவிட்டீர்கள்.

லிந்தாங் சாலை, ஐயா கடைசியாகச் சொன்னதை நெட்வொர்க் பக்கத்திலிருந்து பாருங்கள். கைப்பேசி 'இவர், இந்த நிரை, 42 குலை' என்று அனுப்புகிறது. பதில் வரவில்லை, சிக்னல் போய்விட்டது. கோரிக்கை சர்வரை எட்டவே இல்லையா? எட்டி, தரவுத்தளத்தில் ஏறி, பதில் மட்டும் வழியில் தொலைந்ததா? கைப்பேசிக்கு இதைக் கண்டுபிடிக்க எந்த வழியும் கிடையாது. டிசிபி தொலைந்த பாக்கெட்டை மறுபடி அனுப்பும். ஆனால் இணைப்பே அறுந்துபோனால் அதனாலும் சொல்ல முடியாது. மறுபடி அனுப்பினால் இரண்டு தடவை ஏறும் அபாயம், அனுப்பாவிட்டால் ஏறாமலே போகும் அபாயம். ஐயா சொன்ன இரண்டும் அப்படியே.

மறுபடி அனுப்பினாலும் கெடுதல் வராதபடி சேவையை வடிவமைப்பதுதான் வழி. எச்டிடிபியின் கோரிக்கை வகைகளில் கெட் (வாங்கு), புட் (வை), டிலீட் (அழி) மூன்றும் எத்தனை முறை செய்தாலும் ஒரு முறை செய்த விளைவையே தர வேண்டும் என்பது விதி. புதிதாக ஒன்றைச் சேர்க்கப் பயன்படும் போஸ்ட்டுக்கு அந்த உறுதி இல்லை. எனவே பதிவின் அடையாள எண்ணை சர்வர் உண்டாக்கக் கூடாது. மண்டோர் 'பதிவு செய்' பொத்தானை அழுத்தும் அந்த நொடியிலேயே கைப்பேசி 128 பிட் நீளமுள்ள யுயுஐடி (நடைமுறையில் மறுபடி வராத அடையாள எண்) ஒன்றை உண்டாக்கிப் பதிவோடு தன் நினைவகத்தில் சேமிக்க வேண்டும். சிக்னல் வந்ததும் அந்த எண்ணை முகவரியில் வைத்து புட் செய்ய வேண்டும். சர்வரில் அந்த எண்ணுக்கு ஒரு தனித்துவக் கட்டுப்பாடு (ஒரே எண் இரண்டு முறை ஏறாது என்ற விதி) போடுங்கள். இரண்டாம் முறை வந்தால் 'ஏற்கெனவே இருக்கிறது, சரி' என்று பதில் போகும், குலை கூடாது. இருக்கிறதா என்று முதலில் தேடிப் பார்த்துவிட்டுப் பிறகு எழுதும் முறை வேண்டாம். இரண்டு கோரிக்கைகள் ஒரே நேரத்தில் வந்தால் இரண்டும் 'இல்லை' என்று கண்டு இரண்டும் எழுதிவிடும். கட்டுப்பாட்டைத் தரவுத்தளமே காக்கட்டும்.

காலக்கெடுவையும் மறக்காதீர்கள். பைதானின் ரிக்வெஸ்ட்ஸ் நூலகம் நாம் சொல்லாவிட்டால் காலக்கெடு வைப்பதில்லை, பதிலுக்காக முடிவில்லாமல் காத்திருக்கும். தோல்வியடைந்தால் உடனே உடனே முயலாமல் இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போங்கள். இல்லையென்றால் மேட்டுப் பக்கம் வந்ததும் எல்லா மண்டோர்களின் கைப்பேசிகளும் ஒரே நேரத்தில் சர்வரை மோதும்.

திருத்தத்துக்கு ஐயா சொன்ன முறையே சிறந்தது. பழைய பதிவை அழிக்காமல், 'இந்த எண்ணைத் திருத்துகிறேன்' என்று புதிய பதிவு ஒன்று. அடிபட்ட எண் அப்படியே நிற்கும்.

பினாங்கு_நிரலர் எழுதியது:

இதை வாசித்த பிறகு என் முதல் பதிலில் பாதியை மாற்றிக்கொள்கிறேன். கோரிக்கையைப் பிரித்துப் படிப்பது, பாதுகாப்பு, உள்நுழைவு இவற்றை ஃபிரேம்வொர்க் நன்றாகச் செய்யும். மறுபடி அனுப்புவதன் பொருளை அது தீர்மானிக்காது. அதே சமயம், கடவுச்சொல் சேமிப்பதையும், இணைப்பைக் குறியாக்கிக் காக்கும் டிஎல்எஸ்ஸையும் கையால் எழுத முயலாதீர்கள், தங்கச்சி. அங்கே கட்டாயம் ஃபிரேம்வொர்க் வேண்டும்.

நம் ஆட்களுக்கென்றே இருக்கும் இரண்டு சிக்கல்களைச் சொல்கிறேன். முதலாவது பெயர். அடையாள அட்டையில் நம் பெயர்களுக்கு நடுவில் ஏ/எல் (மகன்), ஏ/பி (மகள்) என்று சாய்கோடு வரும். அந்தப் பெயரை அப்படியே முகவரிப் பாதையில் வைத்தால், சாய்கோட்டைக் கண்டதும் சர்வர் பாதையை இரண்டாகப் பிரித்துவிடும், ஆளைக் காணோம் என்று 404 வரும். சாய்கோட்டைக் குறியீடாக மாற்றி அனுப்பினாலும் இடையில் இருக்கும் சில சர்வர்கள் அதைப் பழையபடி சாய்கோடாக்கிவிடும். பெயரை முகவரியில் வைக்கவே கூடாது. அதற்குப் பதிலாக 12 இலக்க அடையாள அட்டை எண்ணை வைப்பதும் வேண்டாம். முகவரிகள் சர்வர் பதிவேடுகளில் அப்படியே எழுதப்படும், அந்த எண்ணில் பிறந்த தேதியே இருக்கிறது. தொழிலாளிக்குப் பொருளற்ற ஓர் உள் எண் கொடுங்கள்.

இரண்டாவது தமிழ். கையால் எழுதிய சர்வரில் கன்டென்ட்-லெங்த்தை எழுத்துகளின் எண்ணிக்கையாகக் கொடுத்துவிடுவது எளிது. அது பைட் கணக்கு. எழுத்துகளைப் பைட்டாக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுப் புள்ளிக்கும் (மெய்ப்புள்ளி, உயிர்க்குறி உட்பட யூனிகோடில் தனி எண் பெற்ற ஒவ்வொன்றுக்கும்) 3 பைட். 'தோட்டம்' என்பது நம் கண்ணுக்கு 4 எழுத்து, பைதானின் எண்ணிக்கையில் 7, கம்பியில் போகும்போது 21 பைட். 7 என்று அறிவித்தால் எதிர்ப்பக்கம் 'தோ' என்பதோடு ஓர் உடைந்த பைட்டைப் பெற்று நின்றுவிடும். ஆங்கிலத்தில் மட்டும் சோதிப்பவர்களுக்கு இது கடைசிவரை தெரியாது. உங்கள் சோதனைத் தரவு முதல் நாளிலிருந்தே தமிழிலும் மலாயிலும் இருக்கட்டும்.

ஈப்போ_கணக்காய்வு எழுதியது:

சோப் பகுதியை ஒதுக்கிவிட வேண்டாம் என்று ஒரு வார்த்தை. பழைய நிறுவனங்களின் சேவைகளோடு இணைக்கும் வேலையில் சோப்பின் எக்ஸ்எம்எல் உறைகளும், சேவையின் ஒப்பந்தத்தை விவரிக்கும் டபிள்யூஎஸ்டிஎல் கோப்புகளும் இன்னும் வருகின்றன. சோப் 1.2 என்பது 2003இல் பரிந்துரையானது. ரெஸ்ட் என்ற கருத்து ராய் ஃபீல்டிங்கின் 2000ஆம் ஆண்டு ஆய்வேட்டில் இருக்கிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தால், ஒப்பந்தத்தை முன்கூட்டி எழுதுவதன் பலமும் சுமையும் புரியும்.

கண்ணெதிரே ஒரு பாடநூல் வேண்டுமென்றால் உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் மின் விலைப்பட்டியல் சேவையைப் பாருங்கள். ஆண்டு விற்பனை 10 கோடி ரிங்கிட்டைத் தாண்டும் நிறுவனங்களுக்கு 2024 ஆகஸ்ட் 1 முதல் கட்டாயமானது. அதன் ஆவணங்கள் பொதுவில் இருக்கின்றன. விலைப்பட்டியலை அனுப்பியதும் முடிவு கையில் வராது. ஒரு சமர்ப்பிப்பு எண் வரும், அதைக் கொண்டு பிறகு நிலையைக் கேட்க வேண்டும். உங்கள் குலைக் கணக்குக்கும் அதே வடிவம் பொருந்தும்.

கம்பியும்_காற்றும் எழுதியது:

திரெட் பற்றிப் பினாங்கு நண்பர் முதலில் பயமுறுத்தியதால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கிளையண்ட்டை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததை எடுக்கும் சர்வரை முதலில் எழுதுங்கள். பிறகு ஒரு கைப்பேசியில் கோரிக்கையின் பாதியை அனுப்பிவிட்டுச் சும்மா இருங்கள். மற்ற எல்லோரும் அதன் பின்னால் நிற்பார்கள். திரெட் எதற்கு என்பது அந்த நேரத்தில் விளங்கிவிடும். ஆயிரக்கணக்கான இணைப்புகளுக்குத் திரெட்டும் போதாமல் போனதால்தான் 1999இல் 'பத்தாயிரம் இணைப்பு' விவாதம் கிளம்பியது. 2004இல் வெளிவந்த என்ஜின்எக்ஸ் என்ற வலை சர்வர் அந்தச் சிக்கலுக்காகவே எழுதப்பட்டது. உங்கள் தோட்டத்துக்கு அந்த அளவு வேண்டாம், சின்ன திரெட் தொகுப்பு போதும்.

லினக்ஸ் இருந்தால் 'டிசி' கட்டளையின் நெட்எம் வசதியால் தாமதத்தையும் பாக்கெட் இழப்பையும் வேண்டிய அளவுக்கு உண்டாக்கிச் சோதிக்கலாம். நகரத்தில் இருக்கும் மாணவர்கள் அதைத்தான் செய்ய வேண்டும். நீங்கள் நிரைக்குள் நடந்து போனாலே உண்மையான சோதனைக்கூடம் இருக்கிறது. அந்த வசதியைக் குறையாக நினைக்காமல் அறிக்கையில் ஓர் அத்தியாயமாகவே எழுதுங்கள்.

லிந்தாங்_சாலை எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. சாக்கெட்டில் எழுதிய சின்ன சர்வரைக் கற்பதற்காக வைத்துக்கொண்டு, திட்டத்துக்கு ஜாங்கோவை எடுக்கப் போகிறேன். பதிவுக்கு அடையாள எண்ணைக் கைப்பேசியே உண்டாக்கும்படி மாற்றிவிட்டேன். விமானப் பயன்முறையில் பல பதிவுகளை எழுதிவிட்டு இணைப்பைத் திறந்து மூடித் திறந்து பார்த்தேன், ஒன்றும் இரட்டிக்கவில்லை.

இரண்டு கேள்விகள் மிச்சம். கைப்பேசியின் கடிகாரம் தவறாக இருந்தால் என்ன செய்வது? 31ஆம் தேதி மாலை வெட்டியது, சிக்னல் இல்லாமல் மறுநாள் காலை வந்து சேர்ந்தால் எந்த மாதக் கணக்கு?

கம்பியும்_காற்றும் எழுதியது:

கைப்பேசி சொல்லும் நேரம், சர்வர் பெற்ற நேரம், இரண்டையும் தனித்தனிக் கட்டங்களில் சேமியுங்கள். ஒன்றைக் கொண்டு மற்றதைத் திருத்தாதீர்கள். ஒரே கைப்பேசியிலிருந்து வரும் பதிவுகளுக்கு 1, 2, 3 என்று ஒரு வரிசை எண்ணும் சேர்த்து அனுப்புங்கள். கடிகாரம் எப்படி இருந்தாலும் எது முந்தியது என்று தெரியும், நடுவில் ஓர் எண் காணாமல் போனால் ஒரு பதிவு இன்னும் அந்தக் கைப்பேசியிலேயே கிடக்கிறது என்றும் தெரியும். மாதக் கணக்கைப் பற்றி ஐயாதான் சொல்ல வேண்டும்.

பழைய_கிராணி எழுதியது:

வெட்டிய நாள் எதுவோ அந்த நாளுக்குத்தான் கணக்கு. காலைப் பெரட்டில் ஆள் வந்தாரா என்ற பதிவும் அந்த நாளுக்குத்தானே இருக்கும், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். சம்பளச் சீட்டு மூடிய பிறகு வந்தால் பதிவைத் திருப்பி அனுப்பாதீர்கள். வாங்கி வைத்து, 'பிந்தி வந்தது' என்று குறித்து, அடுத்த மாதச் சீட்டில் தனி வரியாகக் காட்டுங்கள். அந்த வரிக்குப் பக்கத்தில் வெட்டிய தேதியும் பிளாக்கும் இருக்கட்டும், கேட்க வருகிறவருக்குச் சீட்டைக் காட்டியே பதில் சொல்லலாம்.